பயிற்சிக் காலம் அநுபவமாகாதா?

அழகர்மலை அடிவாரத்திலிருந்து மதுரைக்கு வரும் சாலையில், அப்பன் திருப்பதியையும் கடச்சனேந்தலையும் கடந்து புதூருக்கு வந்து சேர்ந்தால், அந்த ஒரே வட்டாரத்தில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையமும், சிறுதொழிற் பேட்டையும், வேலைவாய்ப்பு அலுவலகமும் அமைந்திருக்கக் காண்கிறோம். அழகர்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து காலைப் பஸ்ஸில் வரும் குடியானவர் வீட்டுப் பையனுக்கு, படிப்பதற்கு ஓரிடமும், தொழில் பழகுவதற்கு ஓரிடமும், பெயர் பதிந்து வைப்பதற்கு ஓரிடமும் ஒரே சாலையில் கிடைத்திருக்கின்றன. ஆயினும், உத்தியோகத்திற்கென்று அவன் பூர்த்தி செய்யும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. முன் அநுபவம் எத்தனை வருஷம் என்று கேட்கும் அந்தக் கட்டத்திற்கு வந்ததும் அவன் பேனா நின்றுவிடுகிறது.

அவன் ஒரு வருஷம் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றிருக்கிறான். மேஸ்திரி சொன்ன அளவுக்கு இரும்பைக் கடைந்து கொடுத்திருக்கிறான். அவன் கடைந்த உறுப்புகள் விற்பனையாகி, எங்கோ ஒரு யந்திரத்தில் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. அந்த வருஷத்தை அக்கட்டத்தில் எழுதலாமா, கூடாதா? எழுதினால் பொய் சொன்னவனாகி, சான்றிதழ் பரிசோதனையில் தள்ளப்படுவானோ என்ற பயம். எழுதாவிட்டால் அநுபவமற்றவன் என்று முதலிலேயே தள்ளப்படுவான் என்ற நிச்சயம். அப்பிரெண்டிஸ் என்றும், இன்டர்ன்ஷிப் என்றும், தொழிற் பழகுநர் பயிற்சி என்றும் பல பெயர்களால் வழங்கும் இந்தக் காலம் வேலை அநுபவமாகுமா என்ற கேள்வி இன்று நமது வாலிபர்களையும் யுவதிகளையும் வாட்டிக்கொண்டிருக்கிறது. செய்த வேலை வேலையே, அதற்குரிய பெயரோடும் உண்மையான கால அளவோடும் அது கணக்கில் சேரவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இப்போதுள்ள ஏற்பாட்டின் விபரீதத்தை முதலில் கவனிக்கவேண்டும். பல ஸ்தாபனங்கள் வெளியிடும் ஆள்தேவை விளம்பரங்களில், பயிற்சிக் காலமும் பழகுநர் காலமும் அநுபவமாகக் கொள்ளப்படமாட்டா என்று ஒரு வரி காணப்படுகிறது. பட்டதாரிப் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ளும் விளம்பரங்களிலோ, ஏற்கெனவே பழகுநராயிருந்தவர்களும் ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அநுபவம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாகாது என்று வேறொரு வரி. ஒரு முறை பயிற்சி முடித்தவன் மீண்டும் பயிற்சிக்குப் போகமுடியாது, அவன் பயின்று முடித்தவன் என்பதற்காக. அவன் வேலைக்கும் போகமுடியாது, பயின்றது அநுபவமன்று என்பதற்காக. முன்வாசலில் ஒரு பூட்டு, கொல்லைவாசலில் ஒரு பூட்டு. நடுவிலே இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். வயதோ அவனுக்காகக் காத்திருப்பதில்லை. வயது வரம்பு என்ற மூன்றாவது பூட்டும் மெள்ள மெள்ள விழுந்துகொண்டே வருகிறது.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1961-ம் வருஷத்துப் பழகுநர் சட்டம். அதன் 18-வது பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளியல்லர் என்றும், தொழிலாளர் சம்பந்தமான சட்டங்கள் அவருக்குச் செல்லா என்றும் கூறுகிறது. தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டமும் பிராவிடண்டு பண்டு சட்டமும் அவ்வாறே இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பழகுநர்களைத் தம் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றன. இது நியாயமா என்பது வேறு விவாதம். அதை இங்கே தொடவில்லை. ஆனால் சட்டம் படித்த எவரும் ஒன்றைக் காணத் தவறமாட்டார். அந்தப் பிரிவு, பயிற்சி கொடுக்கும் முதலாளிக்கும் பயிற்சி பெறுபவனுக்கும் இடையேயுள்ள கடமைகளை நிர்ணயிக்க ஏற்பட்டது. பின்னொரு காலத்தில் மூன்றாவது மனிதர் ஒருவர் அவனுடைய கைத்திறமையை எப்படி மதிப்பிடவேண்டும் என்பதைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. தொழிலாளி அல்லன் என்று சட்டம் சொன்னதைத் தொழில் அறியாதவன் என்று வாசிப்பது வியாக்கியானமாகாது. அது கையெழுத்துப் போடும் அதிகாரியின் சௌகரியமேயாகும்.

"பயிற்சி என்ற பெயரில் பொய்ச் சான்றிதழ்கள் மலிந்துவிட்டனவே, எதை நம்புவது?" என்று நிர்வாகிகள் கேட்கிறார்கள். பொய்ச் சான்றிதழ்கள் உலவுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சான்றிதழ் எளிதில் பொய்யாகும் என்பதைச் சற்று யோசிக்கவேண்டும். பழகுநர் சட்டத்தின் கீழ் வருபவனுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தம் சர்க்காரிடம் பதிவாகிறது. அவனுக்குக் கொடுக்கப்படும் உதவித் தொகையில், 2016-ல் ஏற்பட்ட தேசியத் திட்டத்தின்படி நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய சர்க்காரே ஏற்றுக்கொள்கிறது. தொழிற் பிரிவினருக்கு முடிவில் பரீட்சையும், அதில் தேறினால் தேசியச் சான்றிதழும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் அவன் வருஷம் தள்ளுபடி! அதே சமயத்தில், ஏதோ ஒரு தனியார் கம்பெனியின் பெயர் அச்சிட்ட காகிதத்தில், 'இன்னார் எங்களிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தார்' என்று இரண்டு வரி எழுதி ரப்பர் முத்திரை குத்திக் கொண்டுவந்தால், அது அநுபவமாக அங்கீகரிக்கப்படுகிறது. சர்க்கார் புத்தகத்தில் பதிவான சத்தியம் செல்லாது, பதிவில்லாத காகிதம் செல்லும் என்பது எந்த நியாய சாஸ்திரத்தைச் சேர்ந்தது?

இந்த நோய் புதிதன்று. ஆங்கிலேய ஆட்சியின்போது வடநாட்டுக் கச்சேரிகளில் 'உமேத்வார்' என்றொரு வகுப்பார் இருந்தனர். நம்பிக்கையோடு காத்திருப்பவன் என்பது அச்சொல்லின் பொருள். சம்பளமில்லாமல் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் கணக்குப் பிரதி எடுத்து, காகிதம் சுமந்து, தாசில்தாரின் கடாட்சம் என்றேனும் விழும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். கச்சேரிக்கு வேலை நடந்தது, செலவு ஏற்படவில்லை. அந்தச் சொல் இன்றைய ஹிந்தியில் தேர்தலுக்கு நிற்கும் அபேட்சகரைக் குறிக்கிறது. அவர்களும் காத்திருப்பவர்கள்தாமே! சொல் இடம் மாறிவிட்டது. பழைய உமேத்வாரின் நிலை மட்டும் வேறு பெயர் தாங்கி இன்னும் இருந்துவருகிறது.

பழகுதலை மதித்த ஏற்பாடுகளும் உலகில் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் 1563-ம் வருஷத்துச் சட்டம் ஏழு வருஷப் பழகுநர் காலத்தை விதித்தது. அந்த ஏழு வருஷத்தை முடித்தவனே அத்தொழிலை நடத்த உரிமையுடையவன். அதாவது பழகிய காலமே யோக்கியதாம்சம். 1814-ல் அந்த விதி எடுபட்டது. அதில் கொடுமைகளும் உண்டு. அதை நாம் திரும்ப அழைக்கவில்லை. ஆனால் பழகிய காலத்தைச் சூனியமாக எண்ணும் கருத்து அந்தத் தேசத்துக் கைத்தொழிலாளருக்கு அப்போது விளங்கியே இராது.

அவ்வளவு தூரம் போவானேன்? அழகர்கோவில் தோசையை அறியாதவர் மதுரைச் சீமையில் யார்? அரிசியும் உளுந்தும் மிளகும் நெய்யும் எவரிடமும் உண்டு. ஆயினும் பெரிய கையின் பக்கத்தில் நின்று பதம் பார்த்துப் பழகாத ஒருவர், புத்தகத்தைப் பார்த்து அதை வார்த்துவிட முடியுமா? பக்கத்தில் நின்ற காலம் அநுபவமா, அல்லவா என்று கேட்டால், தோசையே பதில் சொல்லிவிடும்.

வைத்தியத் துறையைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன்களாகப் பணிபுரிந்த பிறகே நிரந்தரப் பதிவு பெறமுடியும். மதுரை சர்க்கார் ராஜாஜி ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு விபத்து கேஸ் வந்தால் ஓடி வந்து ரத்தத்தைத் துடைத்து ஊசி போடும் இளைஞர்களில் அவர்களும் இருக்கிறார்கள். நோயாளிக்கு அவர் டாக்டர். விண்ணப்பத்தில் மட்டும் அந்த வருஷம் பெரும்பாலும் பட்டம் பெறுவதற்கு முந்திய படிப்பில் சேர்ந்துவிடுகிறது. ஆயினும் சர்க்காருக்கு அவசியம் நேர்ந்தபோது என்ன நடந்தது? 2021 மே மாதத்தில், கொரோனா நோயின் இரண்டாவது அலையில், பயிற்சி டாக்டர்களை ஆசிரியர்களின் மேற்பார்வையில் அந்நோய்ப் பணியில் ஈடுபடுத்தலாம் என்று பிரதம மந்திரியின் அலுவலகம் அறிவித்தது. அப்பணியில் நூறு நாட்களைப் பூர்த்தி செய்யும் வைத்திய ஊழியர்களுக்கு, சர்க்கார் நிரந்தர நியமனங்களில் முன்னுரிமை தரப்படும் என்றும் அதே அறிவிப்பில் கண்டிருந்தது. ஆபத்துக் காலத்தில் நூறு நாளை எண்ணத் தெரிந்த சர்க்காருக்குச் சாதாரணக் காலத்தில் முந்நூற்றறுபத்தைந்து நாளை எண்ணத் தெரியாதென்று நம்புவதற்கில்லை.

நமது வக்கீல் தொழிலிலும் இக்கேள்வி அண்மையில் தீர்மானத்திற்கு வந்தது. முன்சீப் பதவிக்குரிய சிவில் நீதிபதிப் பரீட்சை எழுதுவோருக்கு மூன்று வருஷத் தொழில் அநுபவம் வேண்டுமென்று 1993-ல் சுப்ரீம் கோர்ட் விதித்தது. 2002-ல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. 2025 மே 20-ந் தேதி, அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில், அது மீண்டும் ஏற்படுத்தப்பட்டது. கல்லூரியிலிருந்து நேராக நீதி பீடத்தில் ஏறலாகாது என்ற கருத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் நமது இன்றைய விஷயத்திற்கு முக்கியமானவை அத்தீர்ப்பில் இரண்டு. அகில இந்தியப் பார் பரீட்சையில் தேறிய நாளிலிருந்தன்றி, தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்தே மூன்று வருஷத்தை எண்ணலாம் என்பது ஒன்று. நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் அநுபவமே என்பது மற்றொன்று. சட்ட உதவியாளர் கட்சிக்காரருக்காக வாதிடுவதில்லை. அவர் வழக்குக் கட்டுகளைப் படிக்கிறார், குறிப்பெடுக்கிறார், முந்திய தீர்ப்புகளைத் தேடுகிறார். சுருங்கச் சொன்னால் பழகுகிறார். அந்தக் காலம் நீதிபதியாவதற்கு உதவும் அநுபவமானால், இயந்திரத்தின் முன் நின்று பழகிய காலம் இயந்திர வேலைக்கு உதவாத அநுபவமாவது எங்ஙனம்?

பொய்ச் சான்றிதழ் பற்றிய பயத்திற்கும் அத்தீர்ப்பே பரிகாரம் சொல்லியிருக்கிறது. பத்து வருஷம் தொழில் நடத்திய வக்கீல் ஒருவர் சான்று கொடுக்கவேண்டும்; அதை ஜில்லாவின் பிரதான நீதிபதியோ அவ்வூரின் தலைமை நீதி அதிகாரியோ ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பொய் வரும் என்பதற்காக மெய்யையும் சேர்த்துத் தள்ளவில்லை. மெய்யைப் பொறுக்கி எடுக்க வழி வகுத்தார்கள். இதர துறைகளில் இதைச் செய்யவொட்டாமல் தடுப்பது யாது?

ஜூனியர் வக்கீல்களின் கதியையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சீனியரின் அறையில் வருஷக்கணக்காகக் கட்டுத் தூக்கி, வாய்தா வாங்கி, கைப்பணத்தில் பஸ்ஸேறி வீடு திரும்பும் ஜூனியர்களை அறியாதவர் நம்மில் இல்லை. 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட், சென்னை, மதுரை, கோயமுத்தூர் நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் கொடுக்கப்படவேண்டும் என்று உத்தரவிட்டது. கற்றுக்கொள்கிறவர் என்பதனால் உழைப்புக்கு விலையில்லை என்ற பழைய வாதத்தைக் கனம் நீதிபதிகள் ஏற்கவில்லை. நமது சீனியர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஜூனியர்களே.

இனி, எதிர்க்கட்சியில் உள்ள நியாயத்தையும் பார்ப்போம். எல்லாப் பயிற்சியும் ஒன்றன்று. 1947-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், போர்ட்லண்ட் ரெயில்வே நிலையக் கம்பெனி வழக்கில், ரெயில் முற்றத்து வேலையைப் பழக வந்தவர்கள் தொழிலாளர் ஆகார் என்று தீர்மானித்தது. ஆனால் அவர்கள் பழகிய காலம் ஏழெட்டு நாள்! நிலையான வேலையாள் எவரையும் அவர்கள் விலக்கவுமில்லை. வேலை அவர்களால் விரைந்து முடியவுமில்லை. 2015-ல் அந்நாட்டு அப்பீல் கோர்ட் ஒன்று, சினிமாக் கம்பெனியில் ஊதியமின்றிப் பணிபுரிந்த பயிற்சியாளர்களின் வழக்கில், அந்த ஏற்பாட்டினால் முக்கியமாகப் பயனடைபவர் யார் என்று பார்க்கவேண்டும் என்றது. உரைகல் நல்லதே. கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஓர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அல்லது ஒரு கம்பெனியில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெறும் காகிதத்தை அநுபவமென்று நாம் வாதிக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் விற்கும் வியாபாரத்திற்கோ தண்டனைதான் மருந்து. ஆனால் ஒரு ஸ்தாபனம் தன் அன்றாட வேலையை ஒருவரிடம் வாங்கி, அதனால் ஆதாயமும் அடைந்திருக்குமானால், அந்த நாட்களை வேலையல்ல என்று சொல்லும் உரிமையை அது இழந்துவிட்டது.

ரெயில்வே நிர்வாகம் பாதி வழி வந்திருக்கிறது. பொன்மலைப் பட்டறையிலும் பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையிலும் பயின்றவர்களைப் போன்ற பழகுநர்களுக்கு, கடைநிலைப் பணியிடங்களில் நூற்றுக்கு இருபது ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இருபது போதாதென்று 2018 மார்ச் 20-ந் தேதி, பம்பாயில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே பழகுநர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரெயில்களை நிறுத்தினார்கள். பிரயாணிகளைத் தவிக்கவிட்டதை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் ரெயிலைப் பழுது பார்க்கக் கற்றவர்களை ரெயிலை நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தது எது என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்கவேண்டாமா? 1995-லேயே சுப்ரீம் கோர்ட், உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கார்ப்பரேஷன் வழக்கில், மற்ற அம்சங்கள் சமமாயிருந்தால் பயிற்சி பெற்ற பழகுநருக்கே முதலிடம் தரவேண்டும் என்று கூறியிருக்கிறது. அதை எத்தனை ஸ்தாபனங்கள் விளம்பரத்தில் அச்சிடுகின்றன?

விஷயம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டும் வருகிறது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள ஸ்தாபனங்கள் தங்கள் ஆட்படையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களை வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. 2024 ஜூலையில் மத்திய பட்ஜெட்டில், ஐந்து வருஷத்தில் ஒரு கோடி வாலிபர்களுக்கு ஐந்நூறு பெரிய கம்பெனிகளில் ஒரு வருஷப் பயிற்சி அளிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாதம் 5,000 ரூபாய் உதவித் தொகை. நல்லது. ஆனால் ஒரு கோடிப் பேர் ஒரு வருஷம் உழைத்து வெளிவந்தபின், அந்த ஒரு கோடி வருஷத்தை எந்த விண்ணப்பக் கட்டத்தில் எழுதுவது? பயிற்சி தரும் இலாகா ஒன்று, ஆளெடுக்கும் இலாகா வேறொன்று; ஒன்று கொடுக்கும் சான்றை மற்றொன்று ஒப்பாவிட்டால், செலவான பணம் யாருடையது? பிரஜைகளுடையது.

தமிழ்நாடு சர்க்காரிடம் நாம் கேட்பது சிறு காரியமே. சர்க்கார் இலாகாக்களும், போர்டுகளும், கார்ப்பரேஷன்களும் வெளியிடும் ஒவ்வொரு விளம்பரத்திலும், ஒப்பந்தம் பதிவாகி ஆறு மாதத்திற்குக் குறையாமல் அதே தொழிலில் பழகிய காலம் முழுவதும் அநுபவமாக எண்ணப்படும் என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கவேண்டும். சேர்க்க மனமில்லையேல், எண்ணப்படமாட்டாது என்பதையாவது சந்தேகத்திற்கிடமில்லாமல் அச்சிட்டு, பயிற்சியில் சேரும் நாளிலேயே வாலிபனுக்குச் சொல்லிவிடவேண்டும். இன்று அவனுக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

விண்ணப்பிக்கும் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் நமது யோசனை: பயிற்சியைப் பயிற்சியென்றே எழுதுங்கள். உத்தியோகஸ்தனாயிருந்தேன் என்று எழுதிவிட்டு, நியமனத்திற்குப் பின் அது தவறென்று காணப்பட்டால், எத்தனை வருஷம் கழிந்தாலும் வேலை பறிபோகும். அநுபவக் கட்டத்தில், 'பழகுநராக, இன்ன ஸ்தாபனத்தில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை' என்று எழுதி, ஒப்பந்தப் பதிவு எண்ணையும் குறியுங்கள். எண்ணுவதா, தள்ளுவதா என்ற பொறுப்பு அப்போது அதிகாரியின் தலையில் ஏறுகிறது. தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது.

புதூர்த் தொழிற்பேட்டை முதலாளிகளோ சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பழகுநர் விடைபெறும் நாளில், 'நன்னடத்தை உள்ளவர்' என்ற ஒற்றை வரியோடு அனுப்பாமல், எந்த இயந்திரத்தில் எத்தனை மாதம் நின்றார், எதைத் தனியாகச் செய்யக்கூடியவர் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். அடுத்த முறை அவர்களே ஆள் தேடும்போது, பக்கத்துப் பட்டறையிலிருந்து அப்படியொரு காகிதத்துடன் வரும் பையனை உட்காரவைத்துப் பேசட்டும்.